பலகையில் நேரம் எழுதும் தவறணை

"காலை 7.40. ஆண் பனை. கிணற்றடி வளவு." அதற்குக் கீழே ஒரு மனிதரின் பெயர். யாழ்ப்பாணத்தில் ஒரு கள்ளுத் தவறணையில் இருந்த கரும்பலகையில் வெள்ளைச் சோக்கால் எழுதியிருந்தது இவ்வளவுதான். நான் அந்தப் பெயரைத்தான் இரண்டு தரம் வாசித்தேன். மரத்தில் ஏறிப் பாளை சீவிக் கள்ளு இறக்கியவரின் பெயர் அது. எனக்கு ஐம்பது வயதாகிறது. எந்தத் தவறணையிலும் இப்படி ஒரு பெயர் எழுதி வைத்து அதுவரை நான் கண்டதில்லை.

என் ஐயா சீவல் தொழிலாளி. நாற்பது வருடம் பனை ஏறினார். பருவ காலத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று, பதினான்கு மரம், காலையும் மாலையும். எழுபதுகளில் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு அவர் இறக்கிய கள்ளு சங்கத்துக்குப் போகும். அங்கே மற்றவர்கள் கொண்டுவந்ததோடு ஒரே பீப்பாவில் கலக்கும். குடிக்கிறவர்கள் தவறணையின் பெயரைச் சொல்லிப் புகழ்வார்கள், இல்லையென்றால் ஏசுவார்கள். ஐயாவின் பெயர் கணக்குக் கொப்பியில் மட்டும் இருந்தது. அவருடைய பிள்ளைகளை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இங்கே எழுத விரும்பவில்லை. நான் படித்து விஞ்ஞான ஆசிரியராக வந்தேன். பத்தாம் வகுப்புக்கு நொதித்தல் பாடம் எடுக்கும்போதெல்லாம், உதாரணத்துக்குப் பாணையும் தயிரையும் சொல்லிவிட்டுக் கள்ளைச் சொல்லாமல் கடந்துபோன வருடங்கள் இருக்கின்றன. இப்போது சொல்கிறேன். இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது என்பதால் இவ்வளவும்.

சரி, இடம். கொழும்புத்துறையில் இருந்து அரியாலைப் பக்கம் கரையோடு போகும்போது, வீதிக்கும் கடலேரிக்கும் நடுவே ஒரு பனங்கூடல் வரும். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்கிற இரட்டைப் பனைதான் அடையாளம். அதில் ஒன்றின் அடிமரத்தில் ஷெல் துண்டு கிழித்த தழும்பு உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் இருக்கிறது. உள்ளே போனால் வலது பக்கம் பழைய தவறணை. அது சங்கத்தினுடையது. இடது பக்கம், தண்ணீரை ஒட்டி, ஓலைக் கொட்டிலில் சாப்பாட்டுக் கடை. அதை ஒரு குடும்பம் நடத்துகிறது. முன்பெல்லாம் கள்ளு மட்டும் இருந்தது. கூட ஒரு சுண்டல்காரர் சைக்கிளில் வருவார். சமையல் வந்த பிறகுதான் பலகையும் வந்ததாம். பலகை அந்தச் சமையல்கார அம்மாவின் யோசனை. "மீன் எப்ப வந்தது எண்டு ஆக்கள் கேக்கினம். கள்ளு எப்ப இறக்கினது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. அதுதான் மாஸ்ரர் எழுதி வைச்சம்" என்று சொன்னார்.

நான் முதலில் போனது சித்திரை மாதம், ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த அக்காவின் மகனோடு. அவன் அங்கே ஒன்றாரியோ ஏரிக்கரையில் இருக்கிற சிறிய பியர் வடிசாலை ஒன்றில் வேலை செய்கிறான். பெரிய கொம்பனிகள் ஒரே மாதிரி இலட்சக்கணக்கில் அடைத்து விற்கிற பியர் இல்லை. சின்னத் தொட்டிகளில் அவர்களே காய்ச்சி, அதே கட்டடத்தில் சாப்பாட்டோடு விற்கிறார்கள். ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்து குடிக்கலாம். அங்கே சுவரில் ஒரு பலகை இருக்குமாம். எந்த வாற்கோதுமை, எந்த ஹொப்ஸ் (பியருக்குக் கசப்புத் தருகிற பூ), எத்தனை சதவீத மதுசாரம், எப்போது தொட்டியில் இருந்து எடுத்தது, எல்லாம் அதில் எழுதியிருக்குமாம். இங்கே பலகையைக் கண்டதும் அவன் கதிரையில் இருக்கக்கூட இல்லை. நின்றபடியே படம் எடுத்தான்.

கள்ளு கேட்டால் இங்கே பிளாஸ்ரிக் கோப்பையில்தான் தருவார்கள். பிளா வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். கேளுங்கள். குருத்தோலையை மடித்து ஒரு முனையில் கட்டிக் கொஞ்ச நேரத்தில் செய்து தந்துவிடுவார்கள். பச்சை ஓலையின் வாசம் முதலில் மூக்குக்கு வரும், பிறகுதான் கள்ளின் வாசம். பிளாவைக் கீழே வைக்க முடியாது, சரிந்து ஊற்றிவிடும். இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டே குடித்து முடிக்க வேண்டும். கையில் பிளா இருக்கிற மனிதனால் ஃபோனை நோண்ட முடியாது. எதிரில் இருக்கிறவரின் முகத்தையோ கடலேரியையோதான் பார்க்கலாம்.

அன்றைக்கு நாங்கள் போனது பத்தரை மணிக்கு. 7.40க்கு இறங்கிய கள்ளு மூன்று மணி நேரம் தாண்டாத கள்ளு. பால் கலந்த தண்ணீர் மாதிரி நிறம், மேலே மெல்லிய நுரை. முதல் வாயில் இனிப்பு, விழுங்கும்போது நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னப் புளிப்பு, அப்புறம் மூக்கில் நுங்கின் வாசம். மருமகன் முதல் பிளாவை ஒன்றும் பேசாமல் குடித்தான். இரண்டாவதைப் பாதி குடித்துவிட்டுச் சொன்னான்: "எங்கட இடத்தில இப்பிடி ஒரு புளிப்பு வாறதுக்கு மாதக்கணக்கில பீப்பாவில வைச்சுக் காத்திருக்கிறம் மாமா. இது அரை நாளில வந்திருக்கு."

பெல்ஜியத்தில் பிரசல்ஸ் பக்கத்தில் லம்பிக் என்று ஒரு பியர் இருக்கிறதாம். மதுவத்தை, அதாவது ஈஸ்ட்டை, வெளியில் இருந்து வாங்கிச் சேர்க்க மாட்டார்களாம். காய்ச்சிய சாற்றை இராத்திரி அகலத் தொட்டியில் திறந்து வைப்பார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கிற மதுவம் தானாக வந்து விழுந்து நொதிக்கும். பிறகு வருடக்கணக்கில் மரப்பீப்பாவில் கிடக்கும். உலகத்தில் அரிதான முறை என்று அதைக் கொண்டாடுகிறார்களாம். நான் அவனுக்கு நிமிர்ந்து பனையைக் காட்டினேன். பாளையின் நுனியைச் சீவி, மண்முட்டியைக் கட்டிவிட்டு இறங்குகிறார்கள். முட்டியின் மண்சுவரில், காற்றில், மொய்க்கிற தேனீயின் காலில் இருக்கிற மதுவம் அந்தச் சாற்றில் சேர்கிறது. இரவு முழுக்க மரத்தின் உச்சியிலேயே நொதித்தல் நடக்கிறது. எங்கள் வடிசாலை அறுபது, எழுபது அடி உயரத்தில் இருக்கிறது.

பியருக்கு வேலை அதிகம். வாற்கோதுமையை நனைத்து முளைக்க வைத்து உலர்த்த வேண்டும். அதை நொறுக்கி, சுமார் 65 பாகை வெந்நீரில் ஊற வைத்தால்தான் மாப்பொருள் சீனியாகும். பிறகு ஹொப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, மதுவம் சேர்த்து, ஒன்றிரண்டு கிழமையாவது காத்திருக்க வேண்டும். பனை நேரே சீனிச்சாறாகவே தருகிறது. ஊறப்போடவும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம். ஆனால் அதனால்தான் கள்ளு நிற்காது. பியரைக் கொதிக்க வைப்பதும் ஹொப்ஸ் சேர்ப்பதும் அதைக் கெடாமல் பாதுகாக்கிறது. கள்ளுக்கு அந்தக் காவல் ஒன்றும் இல்லை. காலையில் இனிப்பு, மத்தியானம் கூர், பொழுதுபட்டால் புளிப்பு, அடுத்த நாள் வினாகிரிக்கு அரைவாசித் தூரம். போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்குப் போகிற கள்ளைச் சூடாக்கி நொதித்தலை நிறுத்தித்தான் அனுப்புகிறார்கள். அதைக் குடித்துவிட்டுக் கள்ளு என்றால் இதுதான் என்று நினைக்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே இரக்கம். கள்ளை நேரம் பார்த்துத்தான் குடிக்க வேண்டும். அந்த நேரத்தை மறைக்காமல் எழுதி வைக்கிற கடை என்பதால்தான் இதைத் தேடிப் போகச் சொல்கிறேன்.

நேரம் எழுதுவதால் அவர்களுக்கு நட்டமும் உண்டு. நான் கண்ட ஒரு சம்பவம். ஒரு நாள் பின்னேரம் நான்கு மணிக்கு ஆறு பேர் வந்தார்கள், கொழும்பில் இருந்து சுற்றுலா வந்தவர்கள். பலகையில் காலை நேரம்தான் இருந்தது. பரிமாறுகிற பொடியன் அவர்களிடம் போய், "அண்ணை, இது காலமை இறக்கினது. இப்ப நல்லாப் புளிச்சிருக்கும். புதுசு அஞ்சரைக்குத்தான் வரும். அதுமட்டும் அப்பம் சாப்பிடுங்கோ" என்றான். அந்த ஆறு பேருக்கும் புளித்தது எது, புதியது எது என்று தெரியாது. விற்றுத் தள்ளியிருக்கலாம். வேறொரு இடத்தில் எனக்குச் சீனித்தண்ணீர் கலந்த கள்ளை உடன்கள்ளு என்று தந்திருக்கிறார்கள். இனிப்பு நாக்கிலேயே நின்றது, தொண்டைக்கு இறங்கவில்லை. ஊற்றிவிட்டு எழும்பினேன். அதனால் அந்தப் பொடியன் சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

இனிச் சாப்பாடு. இங்கே எதையாவது ஒன்றைத்தான் சாப்பிட முடியும் என்றால் கூழ். சனியும் ஞாயிறும் மட்டும், மத்தியானம் பன்னிரண்டுக்குப் பிறகு. முதல் நாள் பின்னேரமே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்காது.

கூழ் வைக்கிறதைக் குசினிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், பார்க்க விடுகிறார்கள். பெரிய அலுமினியப் பானையில் ஒரு பிடி அரிசி, மரவள்ளிக் கிழங்குத் துண்டு, பலாக்கொட்டை, பயிற்றங்காய். அது அவிந்து வரும்போது, காலையில் பாசையூர்ச் சந்தையில் வாங்கிய நண்டு, இறால், கணவாய், மீன்தலை. பனங்கிழங்கில் இருந்து வருகிற ஒடியல் மாவை முதலிலேயே தண்ணீரில் ஊற வைத்து, மேலே நிற்கிற நீரை இரண்டு தரம் வடித்துவிட்டார் அந்த அம்மா. கயர்ப்பு போக வேண்டும் என்றால் இதில் அவசரப்படக் கூடாது. பிறகு அந்த மாவைப் பழப்புளியிலும் அரைத்த செத்தல் மிளகாயிலும் கரைத்துப் பானைக்குள் ஊற்றினார். ஊற்றின உடனே நிறம் மாறுகிறது; தண்ணீராக இருந்தது தடிக்கிறது, அகப்பையில் இருந்து விழுகிற சத்தமே வேறாகிறது. கடைசியில் முருங்கை இலை. மூடி வைத்து அடுப்பை அணைத்துவிட்டார்.

கூழும் பிளாவில்தான் வந்தது. கடிக்கத் தேங்காய்ச் சொட்டு. உறைப்பில் கண்ணில் நீர் வந்தது, ஆனால் உறைப்புக்கு அடியில் நண்டின் இனிப்பும் ஒடியலின் மண்வாசமும் தனித்தனியே தெரிந்தன. மா கட்டிபடவில்லை. நண்டு ஓடாகி வெறும் கோதாகப் போகாமல் சதையோடு இருந்தது. வீடுகளிலேயே இப்போது ஒடியல் மாவைக் குறைத்து அரிசி மாவைக் கூட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் அது வேறொரு கஞ்சி. இங்கே மாவில் கள்ளத்தனம் இல்லை. ஒரு பிளா 450 ரூபா. இரண்டு குடித்தால் இரவுச் சாப்பாடும் தேவைப்படாது.

மருமகனுக்கு ஒரு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பனம் விதையைப் புதைத்தால் வருவது கிழங்கு. அதைப் பச்சையாகப் பிளந்து காய வைத்தால் ஒடியல், அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்தால் கூழுக்கு மா. அவன் குடித்த கள்ளு, அவன் பிடித்திருந்த பிளா, அவன் குடிக்கிற கூழின் தடிப்பு, தலைக்கு மேலே இருக்கிற ஓலை, அந்த ஓலையைத் தாங்குகிற சிலாகை, எல்லாம் ஒரே மரம். நான் சொல்லி முடித்ததும் அவன் எழும்பிப்போய்க் கூடலில் ஒரு பனையின் அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓரா மீன் பொரியல் நன்றாக இருந்தது. மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் மட்டும் தடவி, முள்ளும் கடிபடும்படி முறுகப் பொரித்திருந்தார்கள். கூடவே வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டி, கள்ளு வினாகிரி விட்ட சம்பல். விற்று முடியாத கள்ளை வீணாக்காமல் சாடியில் விட்டு அவர்களே வினாகிரி ஆக்குகிறார்கள். கடையில் வாங்குகிற வினாகிரியின் காரம் அதில் இல்லை, மெதுவாகப் புளிக்கிறது. நீலக்கால் நண்டுக் கறி 1,600 ரூபா. வீட்டில் வறுத்து இடித்த கறித்தூளின் வாசம் தூக்கலாக இருந்தது, விலைக்குக் குறைவில்லை. இறால் வடையில் இறால் இருக்கிறது, ஆனால் பருப்பு கொஞ்சம் இறுகிவிட்டது. கணவாய்ப் பொரியல் வேண்டாம். இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் றப்பர் மாதிரி இழுபட்டது. கணவாய்க்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் நெருப்பு வேண்டும். அவர்கள் முதலிலேயே பொரித்து வைத்துவிட்டுத் திரும்பச் சூடாக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு இரத்த வறை உண்டு. அது எனக்கு ஒத்துவராது, ஆனால் பக்கத்து மேசையில் அதற்காகவே மானிப்பாயில் இருந்து வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

அப்பத்துக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். பின்னேரம் நான்கரைக்குப் பிறகு, கொட்டிலின் ஓரத்தில் இரண்டு அடுப்பில் அப்பச்சட்டி ஏறும். மாவைக் காலைக் கள்ளு விட்டுத்தான் புளிக்க வைக்கிறார்கள். என் அம்மா அப்படித்தான் செய்வார். ஐயா கொண்டுவருகிற கள்ளில் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு மாவுக்கு என்று எடுத்து வைப்பார். இப்போது எல்லோரும் பைக்கற் ஈஸ்ட். ஈஸ்ட் போட்டாலும் அப்பம் பொங்கும், ஆனால் அந்த வாசம் வராது. இங்கே சட்டியைச் சுழற்றி மூடியைத் திறக்கும்போது எழுகிற ஆவியில் கள்ளின் இனிப்பு வாசம் வருகிறது. நடுவில் விட்ட முதற்பால் அரைவாசி இறுகி, கரை பொன்னிறத்தில் கண்ணாடி மாதிரி முறுகி நிற்கும். நான் ஐந்து சாப்பிட்டேன். சம்பலோடு இரண்டு, வெறுமனே மூன்று. குடிக்காதவர்கள் இந்த அப்பத்துக்காக மட்டும் வரலாம். மாவுக்கு விட்ட கள்ளின் மதுசாரம் கொதிக்கிற சட்டியில் பெரும்பாலும் போய்விடும், பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள்.

பிள்ளைகள் என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக் கொட்டிலுக்கும் தவறணைக்கும் நடுவே ஓலை வேலி இருக்கிறது, வாசலும் வேறு. குடும்பங்கள் வருகின்றன. பெண்கள் வருகிறார்கள், என் மனைவியும் தங்கையும் வந்திருந்து சாப்பிட்டார்கள். அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கள்ளு விற்கிற வளவுக்குள் ஒரு பெண் தன்பாட்டில் இருந்து அப்பம் சாப்பிடுகிறாள் என்பது நான் சின்ன வயதில் நினைத்தும் பார்த்திராத காட்சி. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கள்ளு கிடையாது. பொடியன் அடையாள அட்டை கேட்கிறான், நான் கண்டேன்.

குறைகள். கை கழுவுகிற இடம் கொட்டிலில் இருந்து ஐம்பது அடி தள்ளி இருக்கிறது. நண்டு சாப்பிட்ட கையோடு அவ்வளவு தூரம் போக வேண்டும். கழிப்பறை ஒன்றுதான், சுத்தம் பரவாயில்லை, ஆனால் உள்ளே விளக்கு இல்லை. பொழுதுபடும் நேரம் நுளம்பு. பிளாஸ்ரிக் கோப்பையைப் பற்றி முதலே சொன்னேன். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தக் கோப்பைகள் மேசையில் இருந்து பறந்து கூடல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. தலைக்கு மேலே ஓலை இருக்கிற இடத்தில் பிளாஸ்ரிக் கோப்பை எதற்கு என்று கேட்டேன். பிளா மடிக்க ஆள் காணாது என்றார்கள். ஆளைத் தேடுங்கள், ஒரு பிளாவுக்குப் பத்து ரூபா கூட வாங்குங்கள், நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொரு குறையை நான் கண்டுபிடிக்கவில்லை, ஐயா கண்டுபிடித்தார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் போய்விட்டது, வெளியே வர முடியாது. ஒரு நாள் பின்னேரக் கள்ளு அரைப் போத்தல் வாங்கி, சைக்கிள் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் கிளாசில் ஊற்றச் சொல்லி, முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் மணந்தார். ஒரு வாய் குடித்து அதை வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"பாளை நல்லாத்தான் தட்டியிருக்கிறான். சீவலும் மெல்லிசு. முட்டிதான் வடிவாக் கழுவேல்லை."

"எப்பிடி ஐயா தெரியும்?"

"அடியில பழசு புளிக்குது. இது இண்டையான் புளிப்பில்லை."

நான் அடுத்த முறை போனபோது அதை அப்படியே சொன்னேன், யார் சொன்னது என்பதையும் சேர்த்து. தவறணைப் பக்கம் நின்ற பெரியவர் கோபப்படவில்லை. பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஏழெட்டு முட்டிகள் கவிழ்த்து வைத்திருந்தன, இரண்டில் அடியில் மண்டி காய்ந்து கிடந்தது. மழை பெய்த கிழமை, வெயிலில் காய வைக்கவில்லை என்றார். பிளாஸ்ரிக் கான் கட்டினால் கழுவுகிறது சுகம், ஆனால் கள்ளில் அந்த வாசம் ஏறும், அதனால்தான் மண்முட்டியை விடவில்லை என்றும் சொன்னார். அது சரியான முடிவு. அதற்குப் பிறகு நான்கு தரம் போயிருக்கிறேன். அந்த அடிப்புளிப்பு இல்லை.

போவதென்றால் இவற்றைக் கவனியுங்கள். பனங்கள்ளு மாரி முடிந்து சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் பலகையில் தென்னங்கள்ளு என்று எழுதியிருக்கும். அதுவும் நல்லது, ஆனால் நுங்கு வாசம் இராது. காலை பத்துக்குத் திறக்கிறார்கள். பத்துக்கும் பதினொன்றரைக்கும் நடுவே போனால் கள்ளு அதன் நல்ல நேரத்தில் இருக்கும். அப்பத்துக்கும் பொழுதுபடுகிறதைப் பார்க்கவும் என்றால் ஐந்தரை. அந்த நேரத்தில் கடலேரியில் வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போகிறவர்கள் தூரத்தில் கறுப்பாகத் தெரிவார்கள். போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுக்க மதுக்கடை பூட்டு, இதுவும் பூட்டு. சாப்பாட்டுப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். கார்ட் எடுக்க மாட்டார்கள், காசு கொண்டு போங்கள். கள்ளு ஒரு போத்தல் 250 ரூபாவுக்கு வாங்கினேன். பீப்பாப் பியர் அளவு மதுசாரம் அதிலும் இருக்கிறது, இனிக்கிறதே என்று ஏமாற வேண்டாம். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள். திரும்பி வர அந்த ஓட்டோவையே எத்தனை மணிக்கு என்று சொல்லிப் பேசி வையுங்கள், இரவில் அந்த வீதியில் வேறு ஓட்டோ கிடைக்காது.

மருமகன் திரும்பிப் போவதற்கு முதல் நாள் மறுபடியும் போனோம். அன்றைக்குப் பலகையில் நேரம் 7.15, பெண் பனை. எழுதியிருந்த பெயர்க்காரரே அப்போது முட்டியோடு உள்ளே வந்தார். மரம் ஏற மாட்டுகிற தளநார் தோளில் கிடந்தது, நெஞ்சில் மரம் உரசிய கறுப்பு. மருமகன் எழும்பி அவரிடம் போய்க் கை கொடுத்துத் தமிழில் சொன்னான்: "அண்ணை, நானும் இதே வேலைதான். கனடாவில." அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த மரம்?" என்று கேட்டார்.